கணினியின் பெயரை யாரும் கேட்கவில்லை

போன மாதம் ஹட்டன் அலுவலகத்திலிருந்து பிரியதர்ஷினி பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலையைப் பார்ப்பவள் அவள்தான். கம்பனியின் டிரெக்டரியை ஹட்டனில் இருக்கும் சேர்வரிலிருந்து இணையத்துக்கு மாற்றுகிறார்களாம். அதற்கு முன்னால் பழைய பெயர்களைக் கழித்துக்கட்டும் வேலை அவள் தலையில் விழுந்திருக்கிறது.

"மிஸ், ஒரு பேரு மட்டும் பூட்டின மாதிரியே கெடக்கு. பத்து வருசத்துக்கு மேல யாரும் அதத் தொடல. பக்கத்துல 'அழிக்க வேண்டாம்'னு நீங்க எழுதி வச்சிருக்கீங்க. யோகராஜான்னு இருக்கு. என்ன செய்யட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டு, "அழிச்சிரு மகள்" என்றேன். "யாரு மிஸ் அவரு?" என்று கேட்டாள். அது போனில் சொல்லி முடிகிற விசயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அரைக்கும் பகுதியில் நின்றார். அம்மா கொழுந்து எடுத்தார். உயர்தரம் முடித்து, ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய வகுப்பில் தட்டச்சுப் படித்து, ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதற்குப் பக்கத்தில் போகப் பயந்தார்கள். எனக்குத் தட்டச்சு வேகம் இருந்ததால் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அப்புறம் இரண்டு முறை கொழும்புக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். படிப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விஜேரத்ன சார் கற்றுக்கொடுத்தது.

டிரெக்டரி என்றால் என்ன என்று அம்மா ஒரு நாள் கேட்டார். தோட்டத்தில் பேர் என்றால் ஆளின் பெயர் மட்டுமில்லை, ஒரு நாள் வேலையும் பேர்தான். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் விழாவிட்டால் அன்றைக்கு நீ மலைக்கு வந்ததற்கே கணக்கில்லை. "அந்த மாதிரிதாம்மா" என்றேன். "பதினாலு தோட்டத்து ஆபிசுக்கும் ஸ்டோருக்கும் டிஸ்பென்சரிக்கும் சேத்து ஒரே பேர்ப் புத்தகம் எங்கிட்ட இருக்கு. யாராவது ஒரு தோட்டத்துல கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து பேரையும் பாஸ்வேர்டையும் அடிச்சா, இந்த ஆளு யாரு, எந்தெந்தக் கடதாசியத் தொறக்கலாம்னு அந்தக் கம்ப்யூட்டர் ஹட்டனக் கேக்கும். ஹட்டன் சரின்னு சொன்னாத்தான் கதவு தொறக்கும்."

"அப்ப பேரு போடுற கண்டாக்கு வேல" என்றார் அம்மா. ஆமாம் என்று சிரித்தேன்.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றும் அதில் உண்டு. அந்தப் புத்தகத்தில் ஆட்களுக்கு மட்டுமில்லை, கம்ப்யூட்டர்களுக்கும் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் பஸ்ஸில் போய் அவற்றுக்குப் பெயர் வைத்தது நான்தான். முதல் மூன்று எழுத்து தோட்டத்தைச் சொல்லும், அடுத்த இரண்டும் அறையைச் சொல்லும், கடைசியில் ஓர் எண். பெயரை ஒரு சின்னத் தாளில் அச்சடித்துத் திரையின் கீழே ஒட்டிவிட்டு வருவேன். எந்த அறையில் எந்தப் பெயர் என்று பார்க்காமலே சொல்வேன்.

விஜேரத்ன சார் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் ஒருமை பன்மை பார்க்க மாட்டார். எல்லாரையும் நீ என்பார், தோட்டத்து முகாமையாளரான பெரிய தொரையையும் சேர்த்து. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது கோபமாகப் போன் செய்தால் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, அவர்கள் ஓயும்வரை பென்சில் சீவிக்கொண்டிருப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஸ்டோரில் சில கோப்புகள் காணாமல் போயின. பதிவுகளைப் பார்த்து, இன்னார் அழித்தார் என்று ரிப்போர்ட் எழுதி அவர் மேசையில் வைத்தேன். 'அழித்தார்' என்ற இடத்தை வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ பாத்ததா?"

"இல்ல சார். அவரு பேருலதான் அழிஞ்சிருக்கு."

"அப்ப அத எழுது. அவர் பேரில் அழிஞ்சது. அவர் கை அழிச்சதான்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அன்றே ரிப்போர்ட்டில் நாலு வரி கட்டாயம் என்று சொல்லிவிட்டார். எந்தப் பெயரில் நடந்தது, எந்தக் கம்ப்யூட்டரில், எத்தனை மணிக்கு, நமக்குத் தெரியாதது என்ன. நாலாவது வரியை எழுதாமல் கொண்டுபோனால் கையெழுத்து வைக்க மாட்டார். பதினைந்து வருசம் அந்த நாலு வரியையும் நான் எழுதாமல் விட்டதில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

யோகராஜா தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கிளாக்கர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அதே தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அம்மாவும் மனைவி லெச்சுமியும் அங்கேயே கொழுந்து எடுத்தவர்கள். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து உத்தியோகத்தர் குவாட்டர்ஸுக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்று அந்தத் தோட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள். என்னை விட எட்டு வயது இளையவர். பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் மற்றவர்கள் கம்ப்யூட்டரைத் திட்டுவார்கள், இவர் மட்டும் "அக்கா, இன்னைக்கும் நாந்தான், மன்னிச்சிக்குங்க" என்பார். நான் போகும் நாட்களில் லெச்சுமி ரொட்டியும் சம்பலும் கொடுத்தனுப்புவார்.

அந்த வருசம் மழை அதிகம். தோட்டத்தில் மேல் லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விட்டிருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, அங்கே ஆட்கள் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழே புது வீடுகள் கட்டியிருந்தார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் வீடு காணாது. வெடிப்புக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு முதலில் என்று முடிவாகி, பட்டியல் போடும் வேலை யோகராஜாவுக்கு வந்தது. காம்பரா காம்பராவாகப் போய், தூரத்தை அளந்து எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பட்டியல் ஒட்டுவதற்கு ஒரு கிழமை முன்னால் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, சின்னத்தொரை என்னோட பாஸ்வேர்டக் கேக்குறாரு. நான் லீவுல போனா பட்டியலப் பாக்கணுமாம். குடுக்கலாமா?"

கொடுக்கக்கூடாது. யாருக்கும் கொடுக்காதே என்று கம்பனியின் விதியில் எழுதியிருக்கிறது. அந்த விதியைத் தமிழில் எழுதியதே நான்தான். உதவி முகாமையாளரான சின்னத்தொரைக்குத் தன் பெயரிலேயே பட்டியலைத் திறக்க அனுமதி கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு படிவம், மூன்று கையெழுத்து, நாலு நாள். அன்றைக்கு இன்னும் மூன்று தோட்டத்தில் இணைப்பு விழுந்து கிடந்தது. சார் நெஞ்சு ஆபரேசனுக்காகக் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் தனியாக இருந்தேன்.

"தொரை கேட்டா எப்படி முடியாதுன்னு சொல்லுவீங்க? குடுத்துட்டு, அப்புறமா மாத்திக்குங்க" என்றேன்.

"சரிக்கா."

அவர் மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பட்டியலை ஒட்டிய அன்று காலையில் மேல் லயத்து ஆட்கள் மலைக்குப் போகவில்லை. வெடிப்புக்கு மிகக் கிட்ட இருந்த இரண்டு குடும்பங்களின் பெயர் அதில் இல்லை. அந்த இடத்தில் கீழ் லயத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள், சின்னத்தொரைக்கு வேண்டியவர்கள். ஆபிஸ் வாசலில் கூட்டம் கூடியது. பட்டியலில் கையெழுத்து யோகராஜாவுடையது. ஒட்டும்போது அவர் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை. "லயத்துல பொறந்தவன் லயத்து ஆளுகளையே வித்துட்டான்" என்று கத்தினார்களாம். அவர் அம்மாவின் பெயரைச் சொல்லி ஏசினார்களாம். முத்தையா என்ற பெரியவர், பெயர் விடுபட்ட குடும்பத்தில் ஒருவர், மண்ணை அள்ளி அவர் சட்டையில் போட்டிருக்கிறார்.

பட்டியலை அன்று மாலையே திருத்திவிட்டார்கள். அந்த இரண்டு குடும்பமும் வீட்டுக்குப் போனது. ஆனால் யாரையாவது பொறுப்பாக்க வேண்டுமே. விசாரணை வைத்தார்கள். பெரிய தொரை எனக்குப் போன் செய்தார்.

"மிஸ், பட்டியல மாத்தினது எந்த யூசர்? அத மட்டும் எழுதிக் கொண்டு வாங்க. தேவையில்லாத டெக்னிக்கல் விசயமெல்லாம் வேணாம்."

பதிவுகளைத் திறந்தேன். பட்டியல் ஒட்டியதற்கு முந்தின நாள் காலை பத்து இருபதுக்கு யோகராஜா என்ற பெயரில் உள்ளே வந்திருக்கிறார்கள். பத்து முப்பத்தைந்துக்குப் பட்டியல் மாறியிருக்கிறது. அடுத்த கட்டத்தில் கம்ப்யூட்டரின் பெயர். அது கிளாக்கர் அறைக் கம்ப்யூட்டர் இல்லை. நான் வைத்த பெயர், நான் ஒட்டிய தாள். சின்னத்தொரையின் அறை.

அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எழுதவில்லை. எழுதினால், யோகராஜாவின் பாஸ்வேர்ட் அங்கே எப்படிப் போனது என்று கேட்பார்கள். ஸ்டெல்லா மிஸ்தான் கொடுக்கச் சொன்னார் என்று யோகராஜா சொல்வார். அப்போது அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. வீட்டில் வேலைக்குப் போவது நான் ஒருத்திதான். ஒரு வரி எழுதினேன்: 'மாற்றம் யோகராஜா என்ற பெயரில் செய்யப்பட்டுள்ளது.' அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அந்த வரியோடு பஸ் ஏறினேன்.

விசாரணை பெரிய தொரையின் அறையில் நடந்தது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சின்னத்தொரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். யோகராஜா நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

நான் என் வரியை வாசித்தேன். கொழும்புக்காரர் யோகராஜாவைப் பார்த்தார்.

"நான் மாத்தலைங்க. என்னோட பாஸ்வேர்ட் சின்னத்தொரைக்கிட்டயும் இருந்திச்சு. அவரு கேட்டாரு, குடுத்தேன்."

"நான் கேக்கவே இல்ல" என்றார் சின்னத்தொரை, ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

"பாஸ்வேர்ட் குடுத்தது வேற யாருக்காவது தெரியுமா? சாட்சி இருக்கா?" என்றார் கொழும்புக்காரர்.

யோகராஜா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. மடியில் இருந்த கோப்பின் நாடாவை நான் கட்டிக்கொண்டிருந்தேன், ஏற்கனவே கட்டியிருந்த நாடாவை. நான் பேசுவேன் என்று அவர் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் பேசவில்லை.

"இல்லைங்க. யாருக்கும் தெரியாது" என்றார்.

கம்ப்யூட்டர் எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இராஜினாமா கடிதம் எழுதிக் கொடுத்தால் பொலிசுக்குப் போகமாட்டோம் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் அவர் கணக்கைத் தடுக்கச் சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. டிரெக்டரியில் அது ஒரு நொடி வேலை. பெயரின் மேல் வைத்து ஒரு அழுத்து. அந்த ஒரு அழுத்துக்கு எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனது. பக்கத்தில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி வைத்தேன்.

குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். போக்கிடம் லெச்சுமியின் பெயரில் இருந்த காம்பரா ஒன்றுதான். யோகராஜா தன்னை ஏசிய ஆட்களுக்கு நடுவில், அதே லயத்துக்கு, பிள்ளையையும் சாமான்களையும் கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து விஜேரத்ன சார் வேலைக்குத் திரும்பினார். மெலிந்து, சட்டைக் கொலர் கழுத்தைச் சுற்றித் தளர்ந்து இருந்தது. தான் இல்லாத காலத்து ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். யோகராஜா விசயத்தில் நான் எழுதியதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஸ்டெல்லா, மத்த மூணு வரி எங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். போன் வந்ததையும், நான் சொன்னதையும், யோகராஜா என்னைப் பார்த்ததையும். சார் ஏசவில்லை. "ஒக்காரு" என்றார். "இப்ப எழுது. ஒன்னப் பத்தினதும் எழுது."

எழுதினேன். ஆங்கிலத்தில்தான்: 'மாற்றம் நடந்தது காலை பத்து முப்பத்தைந்துக்கு, உதவி முகாமையாளரின் அறைக் கணினியில். பாஸ்வேர்டைக் கொடுக்கும்படி யோகராஜாவுக்கு வாய்மொழியாகச் சொன்னது டிரெக்டரிக்குப் பொறுப்பான அலுவலர். மாற்றத்தை யோகராஜா செய்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை.' சார் கீழே கையெழுத்து வைத்து, தபாலில் அனுப்பாமல் தானே கொழும்புக்குக் கொண்டு போனார், இன்னும் முழுசாக ஆறாத நெஞ்சோடு.

கொழும்பிலிருந்து வந்த பதில் நாலு வரி. விசாரணை முடிந்த விசயம். பாஸ்வேர்டைக் கொடுத்ததே குற்றம். அவரே இராஜினாமா செய்திருக்கிறார். இந்த ரிப்போர்ட் உள் ஆவணம், வெளியே போகக்கூடாது. சின்னத்தொரை அதற்குள் வேறு கம்பனிக்குப் போய்விட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வளவுதான். எந்த வேலை போய்விடும் என்று வாயை மூடியிருந்தேனோ, அந்த வேலை போகவே இல்லை. அதில் இன்னும் பத்து வருசத்துக்கு மேல் இருந்து, மாலை போட்டு வழியனுப்பி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு யோகராஜாவை ஒரு தடவைதான் பார்த்தேன். தலவாக்கலையில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஹட்டன் பஸ்ஸில் கூட்டம். ஒருவர் எழுந்து "ஒக்காருங்கக்கா" என்றார். நிமிர்ந்து பார்த்தால் அவர். தோளில் சாக்குத் தூசி. "சொகமா இருக்கீங்களா? அப்பாவுக்கு எப்படி?" என்றார். அப்பா இறந்துவிட்டதைச் சொன்னேன். "தெரியாமப் போச்சே, வந்திருப்பேனே" என்றார். ரிப்போர்ட் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சுற்றிலும் ஆட்கள். அவர் இறங்கும் இடமும் வந்துவிட்டது.

வேலை போன நாலாவது வருசம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. எனக்குத் தெரியவந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசைக்குப் போகவில்லை. ரிப்போர்ட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வெளியே போகக்கூடாத ஆவணம்தான். போகட்டும் என்று எடுத்தேன்.

லெச்சுமி காம்பரா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். தாளை நீட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. "என்னா இருக்கு இதுல?" என்றார். தமிழில் சொன்னேன். பட்டியலை அவர் மாற்றவில்லை என்று இதில் எழுதியிருக்கிறது என்றேன்.

லெச்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு வாசலில் இறங்கி, லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, ஒவ்வொரு காம்பராவாகக் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க. ஒரு கடதாசி வாசிக்கிறாங்க." கீழே புது வீட்டுக்கும் ஆளனுப்பினார். முத்தையா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். முப்பது நாற்பது பேர் நின்றிருப்பார்கள்.

"மொதல்லருந்து வாசிங்க, மிஸ்" என்றார் லெச்சுமி.

வாசித்தேன். ஒவ்வொரு வரியாக, தமிழில். எந்த அறைக் கம்ப்யூட்டர் என்று வந்தபோது யாரோ "அடப்பாவி" என்றார்கள். முத்தையா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வரி என்னைப் பற்றியது. அதை விட்டுவிட்டுக் கடைசி வரிக்குப் போயிருக்கலாம். அங்கே ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் யாரும் முன்னால் நிற்கவில்லை.

அந்த வரியையும் வாசித்தேன்.

"யாரு அந்த ஆபிசர்?" என்று முத்தையா கேட்டார்.

"நாந்தாங்கய்யா. மொத ரிப்போர்ட்ட எழுதினதும் நாந்தான். விசாரணையில அவரு என்னையப் பாத்தாரு. நான் பேசல. பயந்துட்டேன்."

லெச்சுமியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் பேசினார். கோபமில்லை. களைத்துப் போன குரல்.

"எனக்கு அது அன்னைக்கே தெரியும், மிஸ். வீட்டுக்கு வந்து சொன்னாரு. ஏங்க அவங்க பேரச் சொல்லலன்னு நான் சண்ட புடிச்சேன். 'அந்தக்காவோட அப்பா பாயில கெடக்காரு, அவங்க வேலையும் போயிட்டா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிரும்'னாரு. நீங்களே ஒரு நாளைக்கு வந்து சொல்லுவீங்கன்னும் சொன்னாரு."

தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு" என்றார்.